மருந்து கேட்காத கிருமிக்குத் தடுப்பூசி வருமா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அக்கா, எங்க ஆச்சிக்கு 74 வயசு, சர்க்கரை இருக்கு. அடிக்கடி நீர்க்கடுப்பு வருது. இந்தத் தடவை யூரின் கல்ச்சர் எடுத்ததில் ஈ.கோலை என்ற கிருமி வந்தது. மருந்துப் பட்டியலில் பாதிக்கு மேல் 'ரெசிஸ்டன்ட்'. மாத்திரை எதுவும் கேட்காது என்று சொல்லி, தினமும் நரம்பில் ஊசி போட பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தோம். கொரோனாவுக்கு ஒரே வருஷத்தில் தடுப்பூசி வந்ததே, இந்தக் கிருமிகளுக்கு ஏன் வரவில்லை? வரும் என்றால் எப்போது? வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை வேறு இருக்கிறது. அவளுக்கு இப்போதே போட்டுவைக்க ஏதாவது உண்டா?"

தம்பி, நான் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு லேபில் கல்ச்சர் தட்டுகளோடு காலம் தள்ளுகிறவள். நீங்கள் சொல்லும் மாதிரி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது எனக்கு அன்றாட வேலை. அதனால் நேராகவே சொல்கிறேன். ஆச்சிக்கு வந்த கிருமிக்கு இன்று தடுப்பூசி இல்லை. இதோ வந்துவிடும் என்று நம்பிக்கை கொடுக்கவும் எனக்கு மனமில்லை. ஆனால் மருந்து கேட்காமல் போய்க்கொண்டிருக்கும் வேறு இரண்டு பாக்டீரியாக்களுக்கு அருமையான ஊசிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் ஒன்றை உங்கள் குழந்தைக்கு நர்சம்மா இந்நேரம் போட்டிருப்பார். இன்னொன்றைக் காசு கொடுத்துப் போட வேண்டும். ஒன்றுக்கு முடிந்தது மற்றதற்கு ஏன் முடியவில்லை என்பதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் இன்னொரு சந்தேகம் வரும். ஆண்டிபயாடிக்கை ஏமாற்றக் கற்றுக்கொண்ட கிருமி தடுப்பூசியையும் ஏமாற்றாதா? பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. காரணம் நேரமும் எண்ணிக்கையும். ஆண்டிபயாடிக் உள்ளே போகும்போது உடம்பில் கிருமி கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். அத்தனை கோடியில் ஒன்றிரண்டாவது மருந்துக்குத் தப்பும் மாற்றத்தோடு இருந்துவிடலாம். மற்றதெல்லாம் செத்தபின் மிஞ்சி நிற்பது அதன் வாரிசுதான். தடுப்பூசி போட்டிருந்தால் கிருமி உள்ளே நுழைந்து, எண்ணிக்கையில் நூறோ ஆயிரமோ இருக்கும்போதே அடி விழுகிறது. அடியும் ஒரே இடத்தில் விழுவதில்லை. பல வகை ஆன்டிபாடிகள், பல இடங்களைப் பிடிக்கும். அப்புறம், எந்த மருந்தை உடைக்கும் என்சைம் அந்தக் கிருமியிடம் இருக்கிறது என்பது ஆன்டிபாடிக்குத் தேவையே இல்லாத விஷயம். மேல்தோல் அடையாளம் தெரிந்தால் போதும். டிப்தீரியாவுக்கு எதிரான ஊசியின் அடிப்படைச் சரக்கு 1920-களில் உருவானது. நூறு வருஷம் கழித்தும் அதுவே வேலை செய்கிறது. 1940-களில் வந்த பெனிசிலினோ சில வருஷங்களிலேயே, ஆஸ்பத்திரிகளில் பரவிய ஸ்டாஃபிலோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்டாஃப்) என்ற சீழ் வைக்கும் கிருமியிடம் தோற்க ஆரம்பித்துவிட்டது.

இனி டைபாய்டு. இந்த விஷயம் முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு காய்ச்சலின் கதை போதும்.

உங்கள் ஆச்சியின் தலைமுறையில் டைபாய்டு என்றால் குளோரோமைசிட்டின். 1948-ல் குளோராம்பெனிக்கால் வந்தபிறகு, இருபத்தோரு நாள் காய்ச்சலில் ஆள் போய்விடும் என்ற பயம் அடங்கியது. பிறகு 1972-ல், மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில், குளோராம்பெனிக்காலுக்கு அடங்காத டைபாய்டு பரவியது. அதே ஆண்டு மெக்சிகோவிலும் அப்படியே. மருந்துக்கு அடங்காத அந்தத் திறனைக் கிருமிகள் ஒன்றுக்கொன்று கடத்திக்கொள்ள முடியும் என்பதையும் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். 80-களின் கடைசியில் ஆம்பிசிலின், கோட்ரைமாக்ஸசோல் எல்லாம் சேர்ந்து போயின. சிப்ரோஃப்ளாக்ஸசின் வந்து காப்பாற்றியது. அடுத்த பத்து வருஷத்தில் அதுவும் மங்கிவிட்டது. இன்று செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசினும்தான் கைகொடுக்கின்றன.

2016 நவம்பரில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஹைதராபாத் என்ற ஊரில், செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு கிளம்பியது. பழைய மூன்று மருந்துகள், சிப்ரோ வகை, செஃப்ட்ரியாக்சோன் என்று ஐந்து வகைக்கும் எதிர்ப்பு. மிஞ்சியது அசித்ரோமைசினும், விலை உயர்ந்த கார்பாபெனம் ஊசிகளும். அந்தச் சமயத்தில்தான் நம் ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் தயாரித்த டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி, சுருக்கமாக டிசிவி, உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. 2018-ல் சிந்து ஹைதராபாத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அதைப் போட்டார்கள். பிறகு கணக்குப் பார்த்ததில், அந்த முரட்டு டைபாய்டுக்கு எதிராக 97 சதவீதப் பாதுகாப்பு. 2019 நவம்பரில் பாகிஸ்தான் அதைத் தன் வழக்கமான தடுப்பூசி வரிசையில் சேர்த்தது. உலகிலேயே முதல் நாடு. எல்லைக்கு இந்தப் பக்கம் செய்த ஊசி அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை முதலில் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு, கொஞ்சம் ஆதங்கமும் உண்டு. நம் நாட்டில் தேசிய ஆலோசனைக் குழு 2022-ல்தான் இதைப் பரிந்துரைத்தது.

நேபாளம், வங்கதேசம், மலாவி ஆகிய மூன்று நாடுகளிலும் பெரிய அளவில் நடந்த சோதனைகளில் பாதுகாப்பு 80 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வந்தது. மூன்றும் வேறு வேறு மண், வேறு வேறு தண்ணீர். அப்படி ஒத்துவருவது அபூர்வம்.

நம் பக்கத்துக்கு இது தேவையா என்று கேட்பீர்கள். 2017-லிருந்து 2020 வரை இந்தியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் வேலூரும் ஓர் இடம். நகரப் பகுதிகளில் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1,173 வரை டைபாய்டு. புணே பக்கத்துக் கிராமப்புறத்தில் வெறும் 35. இவ்வளவு வித்தியாசத்துக்கு நெருக்கமும் தண்ணீரும் சாக்கடையும் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நமக்குத் தாமிரபரணி இருக்கிறது, உறைகிணற்றுத் தண்ணீர் ருசியாக இருக்கிறது என்று பெருமை பேசுகிறோம். ஆனால் அதே ஆற்றில் வழிநெடுக எத்தனை ஊர்ச் சாக்கடை கலக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் குடிதண்ணீர்க் குழாய் எது, சாக்கடை எது என்று தெரியாமல் கிடந்த தெருக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊசி போட்டுவிட்டால் தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் சுத்தமாக இருபது வருஷம் ஆகும் என்றால், அதுவரை பிள்ளைகளுக்கு ஊசியாவது போடலாம் என்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சல். நம் ஊரில் காய்ச்சல் என்றால் மூன்றாம் நாள் விடால் டெஸ்ட், அதில் ஏதாவது எண் கூடினால் 'டைபாய்டு' என்று முடிவு, உடனே ஆண்டிபயாடிக். ஒரே ஒரு விடாலை வைத்து டைபாய்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. பழைய தொற்றிலும் வேறு காய்ச்சல்களிலும் அது கூடிக் காட்டும். நம் மாவட்டத்தில் மழைக்காலத்துக் காய்ச்சலில் ஸ்க்ரப் டைபஸ் இருக்கிறது, டெங்கு இருக்கிறது, எலிக்காய்ச்சலும் இருக்கிறது. மருந்து தொடங்கும் முன் பிளட் கல்ச்சர் எடுப்பதுதான் முறை. அது இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்பதால் யாருக்கும் பொறுமை இல்லை.

சரி, இந்த டிசிவி எப்படி வேலை செய்கிறது? டைபாய்டு கிருமியின் மேல் 'விஐ' என்ற சர்க்கரைப் பூச்சு ஒன்று உண்டு. அந்தச் சர்க்கரையை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாகப் போடும் பழைய முறை பல வருஷமாக இருந்தது. பெரியவர்களுக்கு ஓரளவு பலன். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பலனில்லை. வெறும் சர்க்கரையைப் பார்த்தால், நோய் எதிர்ப்பை வழிநடத்தும் ரத்த வெள்ளையணுக்களான டி செல்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவற்றின் துணை இல்லாமல் நீடித்த நினைவாற்றல் உண்டாவதில்லை. அதனால் அந்தச் சர்க்கரையை, உடம்பு நன்றாகக் கவனிக்கும் ஒரு புரதத்தோடு வேதியியல் முறையில் பிணைக்கிறார்கள். டிசிவியில் அது டெட்டனஸ் டாக்சாய்டு. நம் கிராமத்துத் தெருவில் தெரியாத ஆள் தனியே நடந்து போனால் திண்ணையில் இருப்பவர்கள் கண்டுகொள்ளாமல் விடலாம். அதே ஆள் உள்ளூர் பால்கார அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் "யாரு வீட்டுப் பிள்ளை, எந்த ஊரு" என்று விசாரித்து முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், இல்லையா? அப்படித்தான். அடுத்த முறை தனியே வந்தாலும் அடையாளம் தெரியும். இந்தக் கான்ஜுகேட் உத்தி முதலில் பெரிய அளவில் ஜெயித்தது 80-களின் இறுதியில், குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் என்ற கிருமிக்கு எதிராக. அந்த ஹிப் ஊசி இருக்கும், ஐந்து நோய்களுக்கான பென்டாவாலன்ட் ஊசியை இந்தியாவில் முதன்முதலில், 2011 டிசம்பரில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கினார்கள்.

அடுத்தது நிமோகாக்கஸ். நிமோனியா, மூளைக்காய்ச்சல், காதில் சீழ் எல்லாம் தரும் கிருமி. அமெரிக்காவில் 2000-ல் ஏழு வகை நிமோகாக்கஸுக்கு எதிரான கான்ஜுகேட் ஊசியைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1999-க்கும் 2004-க்கும் இடையில், பெனிசிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸால் வரும் கடுமையான நோய் இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் 81 சதவீதம் குறைந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த எண் வேறு: 65 வயதைத் தாண்டியவர்களிடமும் 49 சதவீதம் குறைந்தது. அந்தப் பெரியவர்களுக்கு யாரும் அந்த ஊசியைப் போடவில்லை. இந்தக் கிருமி குடியிருப்பது குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும். பேரப்பிள்ளை கன்னத்தில் முத்தம் கொடுக்கும் தாத்தா பாட்டிக்கு அங்கிருந்துதான் போகிறது. பிள்ளைக்குப் போட்ட ஊசி பாட்டியையும் காப்பாற்றியது.

ஆனால் எல்லாம் சுபம் என்று இல்லை. அந்த ஏழில் இல்லாத 19ஏ என்ற வகை, காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தது; அதுவும் மருந்துக்கு அடங்காத வகை. தடுப்பூசிக்கும் கிருமி இப்படி ஒரு பதில் கொடுக்கும். 2010-ல் பதின்மூன்று வகை ஊசி வந்து 19ஏ-யையும் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் நிமோகாக்கஸ் ஊசி 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-ல் நாடு முழுவதும் அரசு ஊசியாக ஆனது. புணே சீரம் நிறுவனத்தின் பத்து வகை நிமோகாக்கஸ் ஊசியிலும் 19ஏ உண்டு.

இந்த ஊசிகளின் இன்னொரு பலனை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலே வராவிட்டால் மெடிக்கலில் போய் ஆண்டிபயாடிக் சிரப் வாங்கும் வேலையும் இல்லை. 2020-ல் வந்த ஒரு கணக்கின்படி, வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிமோகாக்கஸ் ஊசி ஆண்டுக்கு 2 கோடியே 38 லட்சம் ஆண்டிபயாடிக் சிகிச்சைகளைத் தவிர்க்கிறது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 1 கோடியே 36 லட்சத்தை. கவனியுங்கள், ரோட்டா வைரஸுக்கு ஆண்டிபயாடிக் வேலையே செய்யாது. ஆனாலும் வயிற்றுப்போக்கு என்றால் கொடுக்கிறோம். 2024 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, 24 கிருமிகளுக்கு எதிரான ஊசிகளை இன்னும் நன்றாகப் பயன்படுத்தினாலும் புதிதாக உருவாக்கினாலும் உலகின் ஆண்டிபயாடிக் தேவையில் 22 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 250 கோடி அளவுகள், குறையும் என்கிறது.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். கொரோனாவுக்கு முடிந்தது இதற்கு ஏன் முடியவில்லை?

கொரோனா புதிதாக வந்த வைரஸ். அதன் முள் புரதம் ஒன்றைத் தடுத்தால் போதும் என்பது முந்தைய சார்ஸ் ஆராய்ச்சியிலேயே தெரிந்திருந்தது. பணம் கொட்டியது. நோயாளிகள் எங்கும் இருந்ததால் சோதனையில் சில மாதங்களிலேயே முடிவு தெரிந்தது. பாக்டீரியா விஷயம் அப்படியல்ல; ஈ.கோலைக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் ஜீன்கள். அதைவிடப் பெரிய தலைவலி, அது நமக்கு அந்நியன் அல்ல. டைபாய்டு வெளியிலிருந்து வந்து நோயைக் கொடுக்கும் கிருமி. ஈ.கோலை பிறந்த சில நாளிலேயே நம் குடலில் குடியேறிவிடுகிறது, சாகும்வரை இருக்கிறது. ஸ்டாஃப் கிருமி பத்துப் பேரில் மூன்று பேர் மூக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. உடம்பு இவற்றை ஏற்கெனவே பார்த்து, ஆன்டிபாடியும் செய்து, ஒருவிதமாகச் சமாதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சமாதானத்தைக் கலைக்காமல், குடல் ஈ.கோலையை விட்டுவைத்து, சிறுநீர்ப்பையிலும் ரத்தத்திலும் நுழைவதை மட்டும் தடுக்க வேண்டும். சொல்வது சுலபம்.

ஸ்டாஃபின் கதை பாடம் போன்றது. 2005-ல் ஒரு கான்ஜுகேட் ஊசி பெரிய சோதனையில் தோற்றது. பிறகு மெர்க் நிறுவனம் வேறு வழியில் போனது: கிருமி நம் ரத்தத்திலிருந்து இரும்பைத் திருடப் பயன்படுத்தும் ஒரு புரதத்தை எடுத்து ஊசியாக்கியது. எலிகளில் நன்றாக வேலை செய்தது. இதய அறுவைக்குப் போகும் சுமார் 8,000 பேரிடம் சோதித்தார்கள். 2011-ல் நிறுத்த வேண்டியதாயிற்று. தொற்றைத் தடுக்கவில்லை என்பது ஒரு பக்கம். ஊசி போட்டும் ஸ்டாஃப் தொற்று வந்தவர்கள், வெற்று ஊசி போட்டுத் தொற்று வந்தவர்களைவிட ஐந்து மடங்கு அளவுக்கு இறந்தார்கள். 2018-ல் ஃபைசர், நான்கு பொருள்களைச் சேர்த்து முதுகுத்தண்டு அறுவை நோயாளிகளிடம் சோதித்த ஊசியும் பலனில்லை என்று நின்றது. ஏன் என்ற கேள்விக்குப் பிற்பாடு வந்த ஒரு விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது: லேபில் வளர்க்கும் எலி ஸ்டாஃபைப் பார்த்ததே இல்லை, நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எலிகளுக்கு முதலில் ஸ்டாஃப் தொற்றைக் கொடுத்துவிட்டு அதன்பின் ஊசி போட்டால், அங்கேயும் ஊசி தோற்கிறது. உதவாத பழைய ஆன்டிபாடிகளின் நினைவையே ஊசி கிளப்பிவிடுகிறதாம்.

உங்கள் ஆச்சியின் கிருமிக்கு வந்தால், மிக அருகில் வந்தது ஜான்சன் அண்ட் ஜான்சனும் சனோஃபியும் சேர்ந்து செய்த ஊசி. ஈ.கோலையின் மேற்சர்க்கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதில் ரத்தத்தில் அதிகம் காணப்படும் ஒன்பதைப் பொறுக்கி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில், ஏற்கெனவே சிறுநீர்த் தொற்று வந்தவர்களிடம், பல நாடுகளில் சோதித்தார்கள். கிருமி ரத்தத்தில் ஏறும் ஆபத்தைத் தடுப்பதுதான் குறிக்கோள். 2024 பிப்ரவரியில், போதிய பலன் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். எங்கள் துறையில் பலருக்கு அது பெரிய ஏமாற்றம்.

இதற்கு இடையில் ஸ்பெயினில் செய்யப்பட்ட ஒரு மருந்து உண்டு. கொல்லப்பட்ட ஈ.கோலை, அதேபோல் குடலில் வாழும் கிளெப்சியெல்லா முதலிய நான்கு கிருமிகளைச் சேர்த்து நாக்கின் அடியில் தெளிப்பது. 2022-ல் வெளியான 240 பெண்களின் சோதனையில், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருபவர்களில் வெற்று மருந்து எடுத்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் அந்த ஆய்வுக்காலத்தில் தொற்றே வரவில்லை. உண்மை மருந்து எடுத்தவர்களில் பாதிக்கு மேல். சின்னச் சோதனைதான், இருந்தாலும் ஒதுக்கித் தள்ளக்கூடியது இல்லை. இதை வைத்துத்தான் கதவு முழுக்க அடைபடவில்லை என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கிருமிகளுக்கு ஊசி செய்வதில் இன்னொரு நடைமுறைச் சிக்கல். யாருக்குப் போடுவது, எப்போது போடுவது? நாளைக்கு யார் பைக்கிலிருந்து விழுந்து ஐசியு போவார் என்று யாருக்குத் தெரியும்? போய்ப் படுத்தபின் போட்டால், ஆன்டிபாடி ஏற இரண்டு வாரம். அதற்குள் வென்டிலேட்டர் வழியாக அசினிட்டோபாக்டர் என்ற ஆஸ்பத்திரிக் கிருமி ஏறிவிடும். முதியவர்களுக்கோ ஊசிக்குப் பதில் சொல்லும் திறனே குறைவு. ஆகவே முன்கூட்டியே நாள் தெரிந்தவர்களைத்தான் குறிவைக்க முடியும்.

அப்படி நாள் தெரிந்தவர்களில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது கர்ப்பிணிகள். டெல்லியில் பச்சிளம் குழந்தைகளின் ரத்தத் தொற்றை ஆராய்ந்து 2016-ல் வெளியான ஆய்வில் முன்வரிசையில் நின்றவை அசினிட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும். கிளெப்சியெல்லாவில் பாதிக்கு மேல் பல மருந்துகளுக்கு அடங்காதவை. பிறந்து மூன்றாம் நாள் வரும் தொற்றுக்குக் குழந்தைக்கு ஊசி போட்டுப் பயனில்லை. தாய்க்குக் கர்ப்பத்தில் போட்டால் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும். டெட்டனஸுக்கு நாம் காலங்காலமாகச் செய்வதும் இதைத்தான். 70 சதவீதம் வேலை செய்யும் ஒரு கிளெப்சியெல்லா ஊசி இருந்து, அதை டெட்டனஸ் ஊசி அளவுக்குப் பரவலாகத் தாய்மார்களுக்குப் போட்டால், உலகில் ஆண்டுக்கு 80,000 பச்சிளம் உயிர்கள் மிஞ்சும் என்று ஒரு கணிப்பு இருக்கிறது. தடை என்னவென்றால், கிளெப்சியெல்லாவின் மேற்பூச்சிலும் எண்பதுக்கு மேல் வகைகள். எத்தனையைச் சேர்ப்பது? அடியில் இருக்கும் ஓ சர்க்கரையில் வகைகள் குறைவு, ஆனால் மேற்பூச்சு அதை மறைத்துவிடுகிறது. இந்த இழுபறியில்தான் ஆராய்ச்சி இருக்கிறது.

சில சமயம் உதவி எதிர்பாராத திசையிலிருந்தும் வரும். நியூசிலாந்தில் மூளைக்காய்ச்சலுக்காகப் போட்ட மெனிங்கோகாக்கஸ் பி ஊசி, அதன் பங்காளிக் கிருமியான வெட்டை நோய் (கொனோரியா) கிருமியையும் 31 சதவீதம் தடுத்ததைப் பிற்பாடு கண்டார்கள். வெட்டை நோயும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் தின்று முடித்துவிட்ட கிருமி. 31 சதவீதம் சொற்பம்தான். இருந்தும் இங்கிலாந்து 2025-ல் அதே மாதிரியான ஊசியை ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அரசு செலவிலேயே கொடுக்க ஆரம்பித்தது. காசநோயைப் பற்றி ஒரு வரி: பிறந்ததும் போடும் பிசிஜி ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்காது என்று உலகுக்குக் காட்டியதே நம் செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய சோதனைதான். எம்72 என்ற புதிய ஊசி இரண்டாம் கட்டத்தில் பாதிப் பேரைக் காத்தது. 2024-ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய மூன்றாம் கட்டம்தான் அதன் விதியைச் சொல்லும்.

பணமும் ஒரு காரணம், ஆனால் பலர் சொல்வதுபோல் அது ஒன்றே காரணமில்லை. டைபாய்டு ஏழை வீட்டு நோய், கம்பெனிக்கு லாபமில்லை. அப்படியும் ஊசி வந்ததற்கு, ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவும் காவி (Gavi) அமைப்பு 2017-ல் 8.5 கோடி டாலர் ஒதுக்கி, "நீங்கள் செய்தால் நாங்கள் வாங்குவோம்" என்று முன்கூட்டியே சொன்னது பெரிய காரணம். ஸ்டாஃபுக்கோ பணக்கார நாடுகளில் கொழுத்த சந்தை காத்திருந்தது. பணமும் செலவழித்தார்கள். உயிரியல் வழிவிடவில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஆச்சிக்கு ஈ.கோலை ஊசி கிடையாது. ஆனால் செய்யக்கூடியது உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் பெண்ணுறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உதவும். வெட்கப்படாமல் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று முக்கியம்: எரிச்சல், காய்ச்சல், அடிக்கடி போவது என்று எதுவும் இல்லாமல், சும்மா செக்கப்புக்கு எடுத்த யூரினில் கிருமி இருந்தால் அதற்கு ஆண்டிபயாடிக் தேவையில்லை. வயதான பெண்களிடம் அப்படிக் கிருமி இருப்பது சகஜம். ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டைச் சுத்தம் செய்யப் போய்த்தான் கடைசியில் மாத்திரை எதுவும் கேட்காத நிலை வருகிறது. நிமோகாக்கஸ் ஊசியும் வருஷாந்திர ஃப்ளூ ஊசியும் ஆச்சிக்குப் பொருந்தும். நெதர்லாந்தில் 65 வயதைக் கடந்த 84,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்ததில், ஊசியில் உள்ள வகை நிமோகாக்கஸ் நிமோனியா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இங்கே அது தனியாரிடம்தான், விலையும் கொஞ்சம் கடுமை. முடிந்தால் போடுங்கள்.

குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் பிசிவி, அதாவது நிமோகாக்கஸ் ஊசி, என்று எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது பிசிவி, ஒன்பது மாதத்தில், தட்டம்மை ருபெல்லா ஊசியோடு. விட்டுப்போயிருந்தால் வருகிற புதன்கிழமையே துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அட்டையோடு போய்விடுங்கள். டிசிவி ஆறு மாதத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும், ஒரே ஊசி. ஒன்பது மாத ஊசிகளோடு அதே நாளில் வேறு தொடையில் போடலாம். அம்பாசமுத்திரத்தில் உங்கள் குழந்தை டாக்டரிடம் 'டைபாய்டு கான்ஜுகேட்' என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள், பழைய வெறும் சர்க்கரை ஊசி அவள் வயதுக்குப் பயன்படாது. டைபாய்டின் பங்காளிக் காய்ச்சலான பாராடைபாய்டை டிசிவி தடுக்காது. இரண்டுக்கும் சேர்த்த ஊசி ஒன்றைச் சீரம் நிறுவனம் உருவாக்கிவருகிறது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஊசி போட்ட அன்று ராத்திரி உடம்பு கொஞ்சம் சுடலாம். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் சொட்டு போதும். மெடிக்கலில் யாராவது கூடவே ஒரு ஆண்டிபயாடிக் சிரப்பையும் எடுத்து வைத்தால், அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.